கழுத்தைப் புதைக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நோட்டில் எழுதி நானே படம் பிடித்து அனுப்புகிறேன். தம்பியிடம் கொடுக்கவில்லை. அப்பாவும் பார்க்கவில்லை. எழுத்து கோணலாக இருக்கும், பெரிதாக்கிப் படி.

செடி விஷயம்தான். மாசி பிறக்க இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. உங்கள் ஹூஸ்டனில் டே லில்லிக்கு வேலை இப்போதுதான். பனியில் கூழாகிப்போன இலைகள் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், கையால் மெதுவாக உருவி எடுத்துவிடு. மூடாக்குப் போட்ட பைன் பட்டை மழைக்குச் சரிந்து செடியின் கழுத்தை மூடியிருக்கும், அதைத் தள்ளிவிடு. இலை வெள்ளையாக ஆரம்பிக்கும் இடம்தான் கழுத்து, காட்டினேனே. அது ஒரு அங்குலத்துக்கு மேல் மண்ணுக்குள் போகவே கூடாது. போனால் பூக்காது, அழுகவும் அழுகும். இந்த மாதக் கடைசியில் மெதுவாகக் கரையும் உரம் ஒரு கைப்பிடி போதும். பச்சையாக வளரட்டும் என்று அதிகம் போட்டால் வெறும் இலைதான் வரும்.

பொங்கலுக்கு ஒரு படம் அனுப்பினாயே, அதைத் தினமும் பார்க்கிறேன். பாத்தி சுத்தமாக இருக்கிறது, சந்தோஷம். அந்த வெள்ளை ரகம் ஜோன் சீனியர் ஐந்து விசிறி ஆகிவிட்டது, இலைக்கொத்தை எண்ணினேன். செடிக்குப் பின்னால் கராஜ் முன்னால் ஒரு கார்தான் நின்றது. ஞாயிற்றுக்கிழமைதானே அது. மாப்பிள்ளை கார் சர்வீஸுக்குப் போயிருக்கும்.

மாப்பிள்ளையோடு பேசி ரொம்ப நாளாகிறது. வேலை அதிகம் என்று சொன்னாய். சரி.

ஸ்டெல்லா செடி அழுகிப்போன விஷயத்தில் தப்பு என் மேல்தான், ஒப்புக்கொள்கிறேன். மே மாதம் நான் வந்து இறங்கியதும் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வாசலில் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்து நின்றதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் எங்கே பார்த்தாலும் ஸ்டெல்லா டி ஓரோதான், 1975ல் பதிவான பழைய பேர், விலையும் குறைவு. ஜூலையிலேயே இரண்டு தொட்டி வாங்கி நட்டேன். அந்தப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றாள். பனமரத்துப்பட்டியில் அரளித் தோட்டத்தில் பிறந்தவளுக்கு இவள் என்ன சொல்லித் தருவது என்று நினைத்தேன். உன் தாத்தா கோடையில் பதியம் போட்டு எது பிழைக்கவில்லை? ஆனால் அந்த ஊர் வெக்கையும் மழையும் சேர்ந்து வந்தால் வேர் வெந்துபோகிறது. மூன்றாவது வாரம் தொட்டதும் கையோடு வந்தது, நாற்றம் வேறு. அந்தப் பக்கம் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரைக்கும் நடலாம், இல்லாவிட்டால் பிப்ரவரி, மார்ச். நடுக்கோடையில் கூடாது. யார் சொன்னாலும் நடாதே.

அதோடு ஸ்டெல்லா குளிரில் இலையை முழுக்க உதிர்த்துவிட்டுத் தூங்கி எழும் வகை. உங்கள் ஊர்க் குளிர் அதற்குத் தூங்கப் போதாமல் போகலாம். அப்படிப்பட்டதில் பல நட்ட வருஷம் பூத்துவிட்டு வருஷா வருஷம் இளைக்கும். என்றும் பச்சை வகையும் பாதிப் பச்சை வகையும்தான் அங்கே நம்பி நடலாம். எண்பதாயிரத்துக்கும் மேல் ரகம் பதிவு செய்திருக்கிறார்கள் என்று நீதான் படித்துச் சொன்னாய். அத்தனையிலும் நீ தேடியது வெள்ளை. அசல் வெள்ளை கிடையாது, க்ரீம் கலந்ததுதான். ஜோன் சீனியர் அதில் நல்லது, என்றும் பச்சை, அந்தப் பக்கத்து லூசியானாக்காரர் உண்டாக்கியது. லேபிளைப் படித்து, எது எங்கே, எத்தனை அங்குலம் என்று கிராஃப் தாளில் நீ படம் போட்டாயே, அந்தத் தாளை நான் எடுத்து வந்துவிட்டேன். பச்சை டிரங்குப் பெட்டியில் உன் பத்தாவது மார்க் ஷீட்டுக்கு மேல் வைத்திருக்கிறேன். வந்தவர்கள் எல்லோரிடமும் காட்டினேன். என் பெண் ஒரு பாத்தி போட்டாலும் பாலம் கட்டுகிற மாதிரிதான் போடுவாள் என்று சொன்னேன்.

ஆனால் ஒன்று. நீ எதையும் முடிந்த பிறகுதான் சொல்கிறாய். 2021 பிப்ரவரியில் பனி கொட்டிக் கரண்ட் போய், குழாயில் தண்ணீர் இல்லாமல் நீங்கள் கிடந்தது எனக்குத் தெரிந்தது நாலாவது நாள். அதுவும் டிவி பார்த்து நான் கேட்டதால். "எல்லாம் சரியாயிடுச்சும்மா" என்றாய். சரியாவதற்கு முன்னால் சொன்னால் என்ன? என்னால் ஒன்றும் செய்ய முடியாதுதான். தெரிந்திருக்கலாம் அல்லவா?

பக்கத்தில் எதை வைப்பது என்று கேட்டிருந்தாயே, டிசம்பரில். பதில் சொல்ல மறந்துவிட்டேன். அகபாந்தஸ் வேண்டாம். பூ அழகுதான், ஆனால் இலை டே லில்லி மாதிரியே நீளமாக இருப்பதால் பூ இல்லாத நாளில் எல்லாம் ஒரே புல்மேடாகத் தெரியும். நீலப்பூ சால்வியா வை. நுனியை வெட்ட வெட்டப் பூக்கும், தேனீ வரும். மஞ்சளுக்குப் பக்கத்தில் அந்த நீலம் எடுப்பாக இருக்கும். காரா என்று ஒரு செடி காற்றில் ஆடிக்கொண்டிருந்ததே, அது டெக்சாஸ் மண்ணிலேயே பிறந்தது, வெயிலுக்கு அசராது. ஜூலை, ஆகஸ்டில் டே லில்லி இலை பழுத்துக் களைத்துப்போகும்போது இவை முன்னால் நின்று மறைத்துக்கொள்ளும். பிளம்பேகோ நம் கொடிவேலிக்குத் தங்கை, ஆனால் படர்ந்து அமுக்கிவிடும், மூன்றடி தள்ளிப் பின்னால் வை. லாவண்டர் ஆசையை விட்டுவிடு, அந்த ஊர்ப் புழுக்கத்துக்குத் தாங்காது.

உண்ணிச்செடிக்கு உன்னோடு சண்டை போட்டேன். முதுமலைக் காட்டில் புல்லை எல்லாம் அமுக்கி யானைக்குத் தீனி இல்லாமல் பண்ணின செடியை டாலர் கொடுத்து வாங்குகிறாளே என்று கோபம் வந்தது. கிளம்புகிற வாரம் பார்த்தேன், அத்தனை வண்ணத்துப்பூச்சி. காய் பிடிக்காமல் பூவை வெட்டிக்கொண்டே இரு. இருந்துவிட்டுப் போகட்டும்.

செடிக்குச் செடி ஒன்றரை அடி, இரண்டடி விடு. மண் கரிசல் மாதிரி, ஈரம் பட்டால் களி, காய்ந்தால் வெடிப்பு. மட்கு உரமும் பைன் பட்டைத் தூளும் கலந்து ஒரு சாண் உயரம் மேட்டுப்பாத்தி போட்டோமே, புதிதாக நட்டாலும் அப்படியே போடு. அடர்சிவப்பு ரகத்துக்கு மத்தியானத்துக்கு மேல் நிழல் வேண்டும், இல்லாவிட்டால் இதழ் வெந்து சுருண்டுவிடும். காலை வெயில் ஆறு மணி நேரம் போதும். தண்ணீர் அடியில் விடு, காலையில் விடு. இலையின் அடிப்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார். துணியில் ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் துரு நோய். அது அமெரிக்காவுக்குள் வந்ததே 2000ல்தானாம். குளிர் குறைந்த ஊரில் இலை சாகாததால் அதுவும் சாகாது. அந்த இலைகளை வெட்டிக் குப்பைப் பையில் கட்டிப் போடு, மட்கு குழியில் போடாதே. பின்பக்கம் வரும் சாம்பல் பூனைக்குப் பால் வைக்கிறாயே, தட்டை முன்பக்கம் மாற்று. டே லில்லி பூனைக்கு விஷம், சிறுநீரகம் போய்விடும். கழுத்தைப் புதைக்காதே.

நீ சாப்பிடுகிறாயா? போன வாரம் வீடியோவில் கன்னம் ஒட்டியிருந்தது. லைட் சரியில்லை என்றாய்.

சீனப் பாட்டி ஒன்று சொன்னாளே, அவள் பேத்தி இங்கிலீஷில் சொல்ல நீ எனக்குத் தமிழில் சொன்னாய். அன்று மொட்டுகளைப் பறித்து ஆவியில் வைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், சூப்பில் போட. நீ எதையும் சமைத்துவிடாதே, நர்சரிச் செடிக்கு என்ன மருந்து அடித்திருப்பார்களோ. அவர்கள் ஊரில் பழைய நாளில் பிள்ளை தூரதேசம் கிளம்பினால் அம்மா இருக்கும் கூடத்துக்கு முன்னால் இந்தச் செடியை நட்டுவிட்டுப் போவானாம். பூவைப் பார்த்து அவள் கவலையை மறக்கட்டும் என்று. கவலை மறக்கும் செடி என்றே அதற்கு ஒரு பேர் உண்டாம். நீ இதைச் சொல்லும்போது குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாப்பா, அக்டோபரில் ஜோன் சீனியர் நட்ட அன்று நடந்ததை எழுதத்தான் நோட்டை எடுத்தேன். இத்தனை பக்கம் சுற்றிவிட்டேன். குழிக்குள் மண்ணைக் கூம்பாகக் குவித்து அதன் மேல் வேரை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாய். அப்போது, "அம்மா, இந்தச் செடியெல்லாம் வேற வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியுமா?" என்று கேட்டாய். நான், "எதுக்குப் போகணும், நல்ல வீடு, கடனும் பாதி முடிஞ்சுது, தண்ணியை ஊத்து" என்றேன். நீ ஊற்றினாய். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

நீ செடியைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். ஐந்தரை மாதம் ஒரே வீட்டில் இருந்தவளுக்குக் கண் இல்லையா? மாடி அறையில் தனியாக எரியும் விளக்கைப் பார்த்தேன். சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் என்னிடம் மட்டும் பேசியதைக் கேட்டேன். ஊருக்குப் போகும்வரை ஒன்றும் நடக்காமல் இருந்தால் போதும் என்று உங்கள் ஊர்ப் பக்கத்து மீனாட்சி கோவிலில் வேண்டிக்கொண்டேன். என் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவில்லை.

அது மட்டும் இல்லை. 2019 ஆடியில் நீ தனியாக வந்தாய். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "ரிட்டர்ன் டிக்கெட் என்னைக்கு?" என்று கேட்டேன். தாரமங்கலத்து அத்தை காதில் விழ வேண்டும் என்றே கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். மூன்று வாரம் இருக்க வந்தவள் பத்தாம் நாள் கிளம்பினாய். பஸ் ஸ்டாண்டில் அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ நாலாம் நாள் ஏதாவது சொல்லியிருப்பாய். அத்தைக்காகப் பயந்து உன்னைத் திருப்பி அனுப்பினேன். வேறு காரணம் சொல்லி என்னையே ஏமாற்றிக்கொண்டதெல்லாம் போதும்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். எடுத்துப் போக முடியும். செடியைச் சுற்றி ஒரு அடி தள்ளித் தோட்டத்து முள்கரண்டியால் நெம்பு. மண்ணை உதறி அலசு. இலையை ஒரு சாண் விட்டு வெட்டிவிடு. நிழலில் ஒரு நாள் ஆறவிட்டு நியூஸ் பேப்பரில் சுற்று, பிளாஸ்டிக்கில் வேண்டாம், வியர்த்து அழுகும். வேர் தடித்தது, தண்ணீரையும் சோற்றையும் தனக்குள்ளேயே வைத்திருக்கும். இரண்டு வாரம் மண் இல்லாமல் இருந்தாலும் சாகாது. தபாலில் வெறும் வேராகத்தானே இவற்றை வாங்கினோம். இந்த மாதமே எடுக்கலாம், மார்ச்சிலும் எடுக்கலாம். இந்த வருஷம் பூ குறையும், அவ்வளவுதான். கூடச் சால்வியாவைப் பிடுங்கிக்கொண்டு கஷ்டப்படாதே, அது புதிதாகக் கிடைக்கும். போகிற இடத்தில் கழுத்தை மட்டும் ஆழமாகப் புதைத்துவிடாதே.

இங்கே கொண்டுவர முடியாது. அதற்குப் பெர்மிட், தாவரச் சான்றிதழ் எல்லாம் வேண்டும், ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். நீ இங்கே வருவதாக இருந்தால் செடியைச் சீனப் பாட்டியிடம் கொடு. அவள் பார்த்துக்கொள்வாள், என்னைவிட நன்றாகவே.

மாடி அறையில் அரிசி மூட்டையை எல்லாம் எடுத்துவிட்டேன். புது மெத்தை வந்திருக்கிறது. எதற்கு என்று அப்பா கேட்கவில்லை, அவரே கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டார்.

ராத்திரி எனக்குத் தூக்கம் வருவதில்லை. இங்கே ஒன்பது மணி என்றால் உனக்குக் காலை ஒன்பதரை. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, செடியைப் பற்றிப் பேச வேண்டாம். பேசப் பிடிக்காவிட்டால் டிக்கெட்டை மட்டும் அனுப்பு. போகிற தேதி நான் கேட்கமாட்டேன்.

அம்மா