தமிழக-கேரள எல்லையிலுள்ள புளியரைக்கு இருபுறமும் துணை நின்றவர்களுக்கு

செங்கோட்டை, தென்காசி மாவட்டம்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் குடும்பத்து ஹார்டுவேர் வாலட்டிலிருந்து (கிரிப்டோவின் ரகசியச் சாவியைக் காக்கும் சிறு கருவி) கிரிப்டோ களவுபோன நாளிலிருந்து எங்களோடு நின்றவர்களுக்கு இந்த மடல். 'உதவிக்கு நன்றி' என்று ஒரே வரியில் முடித்தால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது யாருக்கும் தெரியாமலே போகும். அதனால் அவரவர் செய்ததைச் செய்தபடியே எழுதுகிறோம்.

முதல் நன்றி, ஆரியங்காவில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சேட்டனுக்கு. கருவியைக் கையில் வாங்குமுன் அது வந்த பெட்டியைக் கேட்டவர் அவர். உள்ளே ஒரு வழுவழு அட்டை. பழைய ரீசார்ஜ் கார்டில் இருந்ததுபோல வெள்ளிப் பூச்சு. சுரண்டிய இடத்தில் வரிசை எண்ணோடு 24 ஆங்கிலச் சொற்கள். பார்த்த மாத்திரத்தில் 'இதுதான் ஓட்டை' என்றார். நல்ல கருவி சொற்களை அச்சடித்து அனுப்பாது. முதல்முறை ஆன் செய்யும்போது தன் திரையில் தானே உருவாக்கிக் காட்டும். நாம்தான் வெற்றுத்தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுக்கும் அந்த 24 சொல்தான் சாவி. அச்சடித்தவன் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, பணம் சேரட்டும் என்று காத்திருக்கிறான்.

பின் நம்பரை மாற்றிப் பயனில்லை என்றும் சொன்னார். பின் நம்பர் கருவியைத்தான் பூட்டும். சொற்கள் தெரிந்தவனுக்குக் கருவியே தேவையில்லை. அதே 24 சொல்லைப் புதுக் கருவியில் ஏற்றினால் ஓட்டையும் கூடவே வரும். ரீசெட் செய்யாமல், கருவி, அட்டை, கூரியர் கவர் மூன்றையும் அப்படியே உறையிலிட்டு ஒட்டித் தந்தது பின்னால் சாட்சியமாக நின்றது. நன்றி, சேட்டா.

கடையநல்லூர்த் தம்பிக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பிட்காயின் முழுதும் போய்விட்டது. டிரான் என்ற கிரிப்டோ வலையமைப்பிலுள்ள முகவரியில், டாலர் மதிப்பையொட்டிய யுஎஸ்டிடி நாணயம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதை அனுப்பக் கட்டணமாக டிரானின் சொந்த நாணயமான டிஆர்எக்ஸ் வேண்டும். பதறிப்போய் டிஆர்எக்ஸ் போட்டால், அந்த முகவரியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் திருடனின் பாட் (தானியங்கி நிரல்) சில நொடியில் அதை உருவிவிடும். எத்தனை முறை போட்டாலும் அதே கதிதான். தம்பி ஒரு டிஆர்எக்ஸ்கூடப் போடவில்லை. தன் முகவரியில் டிஆர்எக்ஸை ஸ்டேக் செய்து (பூட்டி வைத்து), அதற்குக் கிடைத்த எனர்ஜியை, அதாவது கட்டணத்துக்குப் பதில் செலவாகும் ஒதுக்கீட்டை, எங்கள் பழைய முகவரிக்கு ஒதுக்கினார். பெறும் முகவரியில் ஏற்கெனவே யுஎஸ்டிடி இருந்தால் ஓர் அனுப்புதலுக்குச் சுமார் 65,000 எனர்ஜி, இல்லாவிட்டால் ஏறக்குறைய இரு மடங்கு. அதற்காகவே புது முகவரியில் முன்கூட்டியே சிறு தொகை யுஎஸ்டிடி போட்டு வைத்தார். பரிமாற்றத்தின் தரவு அளவுக்குச் செலவாகும் பேண்ட்வித் என்ற இன்னொரு ஒதுக்கீடு சுமார் 345 போதும். நாளுக்கு 600 இலவசம். மிஞ்சியது ஒரே அனுப்புதலில் வெளியே வந்தது.

புது முகவரிக்கான சொற்களையும் எதையும் நம்பாமல் பகடை உருட்டியே எடுத்தார். ஒரு பகடை, 99 தடவை. அது 256 பிட் ரகசியத்துக்குச் சமம். வந்த எண்களை எழுதிய தாளை எரித்துவிட்டு, சொற்களை ஸ்டீல் தகட்டில் அடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து போதும், பட்டியலில் அது வேறெதோடும் குழம்பாது.

மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்து எஸ்ஐ அம்மாவுக்கு மனமார்ந்த நன்றி. பார்சல் வந்தது கேரளத்துப் புனலூர் முகவரிக்கு, குடியிருப்பு செங்கோட்டை. எல்லையோரத்தில் இந்த மாதிரி வழக்கு 'அங்கே போங்கள்' என்று இரண்டு பக்கமும் அலையவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று அவரே சொல்லிப் பதிந்தார். சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைத்த பதிவு எண்ணையும் சேர்த்துக்கொண்டார். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது என்று திருப்பி அனுப்பியதும் நல்லதாயிற்று: பரிமாற்ற எண் 64 எழுத்து, டிரான் முகவரி 34 எழுத்து, படத்தைப் பார்த்துத் தட்டினால் ஓர் எழுத்து பிசகும், காவல் துறை அனுப்பும் கடிதம் வீணாகும். காப்பி செய்து ஒட்டிய எழுத்தாகவே கேட்டார். நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் 5:30 மணி கூட்டி இந்திய நேரத்தையும் பக்கத்தில் எழுதச் சொன்னார்.

வக்கீல் அக்கா, மின்னணுச் சாட்சியத்துக்குத் தேவையான புதிய சாட்சியச் சட்டம் 63(4) சான்றிதழின் இரு பகுதிகளையும், கோப்புகளின் ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) ஒரே நாளில் தயார்செய்து தந்தீர்கள். மலையாளத்தில் இருந்த கூரியர் ரசீதை மொழிபெயர்த்த டீச்சருக்கும் நன்றி.

திருடன் யுஎஸ்டிடியில் ஒரு பங்கை ஓர் எக்ஸ்சேஞ்சின் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) டெபாசிட் முகவரிக்கு அனுப்பியிருந்தான். காவல் துறைக் கடிதம் வந்த அன்றே அந்தக் கணக்கை முடக்கிய அலுவலருக்கு எங்கள் வணக்கம். யுஎஸ்டிடியை வெளியிடும் நிறுவனமே முகவரியை முடக்க முடியும். பிட்காயினுக்கு அப்படி ஒருவரும் இல்லை. அது திரும்பவில்லை. முடங்கிய தொகை நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திருக்கிறது.

'முன்பணம் கட்டுங்கள், மீட்டுத் தருகிறோம்' என்று டெலிகிராமில் வந்த ஒவ்வொருவனையும் எங்கள் அம்மா கண்ணில் படாமல் தடுத்த சித்தப்பாவுக்குத் தனியாக ஒரு நன்றி. புகாரில் இருந்த முகவரியைச் சொல்லியே பேசினார்கள். அது யாரும் பார்க்கக்கூடிய பரிமாற்றப் பதிவேடான பிளாக்செயினிலிருந்து எடுத்தது என்று அம்மாவிடம் உட்கார்ந்து விளக்கினீர்கள்.

சுரண்டும் அட்டையோடு வந்த கருவி இந்தப் பக்கத்தில் வேறு யார் வீட்டிலாவது இருந்தால், அதில் பணம் போடாமல் பெட்டியோடு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். தம்பி தந்த பகடை இங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
நன்றி மறவா,
செங்கோட்டைக் குடும்பத்தார்