சீமைக் கருவேலத்தை அகற்றும்போது களாப் புதர்களை விட்டுவைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர் மக்கள்,
கோடியக்கரை, வேதாரண்யம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
நாகப்பட்டினம்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

பொருள்: மணல்மேட்டுக் காட்டில் உள்ள களாப் புதர்களைக் காத்தல் தொடர்பாக.

வணக்கம். 1967இல் சரணாலயமான எங்கள் காட்டில் சீமைக் கருவேலம் ஒழிய வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. அயல் தாவரங்களை அகற்ற 2022இல் அரசு கொண்டுவந்த கொள்கையையும் வரவேற்கிறோம். எங்கள் கவலை, அகற்றும் முறை பற்றியது.

கருவேலத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால் பொக்லைன் வைத்து வேரோடு பிடுங்குகிறார்கள். அது சரிதான். ஆனால் கருவேலத்தின் காலடியில், பாலை மரங்களின் ஓரத்தில், இடுப்பளவுக்குப் படர்ந்து நிற்கும் களாவும் முள்செடிதான். உயரத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டுபவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அருகில் போய்ப் பார்த்தால் குழப்பமே இல்லை: களாவின் இலை தடித்துப் பளபளப்பாக, எதிரெதிராக இருக்கும், கிள்ளினால் பால் வடியும். கருவேலத்துக்குப் புளிய இலை போலச் சிறு சிறு இலைகள், பால் கிடையாது.

களா போனால் மணலைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. அதன் கறுத்த பழத்தைத் தின்னும் கொண்டைக்குருவிகள்தான் விதையைக் காடு முழுக்கப் போடுகின்றன. (செங்காயைக் கடித்துவிட்டு உதட்டில் பால் ஒட்டிக்கொள்ளாத பிள்ளை எங்கள் ஊரில் இருக்காது.) வெறுமையாக விட்ட மணலில் முதலில் முளைப்பதும் கருவேலம்தான். அதன் நெற்றைத் தின்னும் மாடுகளும் மட்டக் குதிரைகளும் சாணத்தோடு விதையைப் போட்டுவிட்டுப் போகும். அப்புறம் செய்த செலவெல்லாம் வீண்.

எனவே, இயந்திரம் இறங்குமுன் களாப் புதர்களில் துணி கட்டி அடையாளம் செய்யவும், அவற்றை ஒட்டியுள்ள இளங்கருவேலங்களை மட்டும் கடப்பாரையால் ஆட்களைக் கொண்டு பிடுங்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். பழம் பழுக்கும் சமயத்தில் விதை சேகரித்து, துறையின் நாற்றங்காலில் வளர்த்து, காலியான இடங்களில் நட வேண்டும். அங்கே வேறு அழகுச் செடி எதுவும் வேண்டாம்.

துணி கட்டும் வேலைக்கு நாங்களே கூலி இல்லாமல் வருகிறோம். வேலை தொடங்கும் நாளை முன்கூட்டியே சொன்னால் போதும்.

இப்படிக்கு,
கோடியக்கரை ஊர் மக்கள்