எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எடுத்தால் அலவன்ஸை வெட்டாதீர்கள்: பினாங்கு, பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழிற்சாலை மேலாளர் அவர்களுக்கும் மனிதவளப் பிரிவினருக்கும்,

வணக்கம். போன வாரம் இரவு ஷிஃப்டில் எங்கள் லைனில் வேலை செய்யும் ஒரு தங்கச்சிக்கு நடந்ததைப் பற்றிய அறிக்கை உங்கள் மேசைக்கு வந்திருக்கும். பக்கத்தில் நின்றவள் என்ற முறையில், அந்தத் தங்கச்சியின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. தூசு புகக் கூடாத கிளீன்ரூமில் நினைத்த இடத்தில் மாஸ்க்கைக் கழற்ற முடியுமா? உடை மாற்றும் அறை வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அங்கே போயும் ஜிப்பை இறக்க முடியாத அளவுக்கு விரல்கள் நடுங்கின. நான்தான் இறக்கிவிட்டேன். "அக்கா, சூப்பர்வைசர்கிட்ட சொல்லாதீங்க" என்பதுதான் அவள் முதலில் சொன்னது.

அவளுக்குப் பதற்ற நோய் இருப்பது உங்களுக்குத் தெரியும். டாக்டர் கடிதத்தை உங்களிடம்தான் கொடுத்தாள். அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க 1 வெள்ளிதான் (ரிங்கிட்). ஆனால் அதற்கு ஒரு நாள் எம்.சி. எடுத்தால் இங்கே லீவு போடாமல் வந்தால் கிடைக்கும் 150 வெள்ளி வருகை அலவன்ஸ் போய்விடுகிறது. மகளின் பள்ளி பஸ்ஸுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்ததால் போன அப்பாயின்ட்மெண்டுக்கு அவள் போகவில்லை. மாத்திரை தீர்ந்துபோனது. இந்த மாத்திரைகள் வேலை செய்யவே சில வாரங்கள் பிடிக்கும். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் தூக்கமின்மையும் வரும், பழைய பதற்றமும் திரும்பலாம் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தார். அதுதான் அன்றிரவு நடந்தது.

ஆகவே கேட்கிறோம்: எம்.சி.க்காக அலவன்ஸை வெட்டாதீர்கள்.

ஐந்து வருடமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு வருடத்தில் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு தருகிறது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். அதை எடுக்கவே பயப்பட வேண்டும் என்றால் அந்த விடுப்பு எதற்கு? தொழிலாளரின் பாதுகாப்போடு ஆரோக்கியத்தையும் முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். விரல் நசுங்கினால் அன்றைக்கே விசாரணை வைக்கிறீர்கள். நெஞ்சு பதறி ஒருத்தி சரிந்தால், "ரொம்ப யோசிக்காதே" என்று சொல்லி சூப்பர்வைசர் திரும்ப லைனுக்கு அனுப்புகிறார்.

அக்டோபரில் மனநல தினத்துக்குக் கேன்டீன் வாசலில் பதாகை கட்டினீர்கள். உதவி கேட்கத் தயங்காதீர்கள் என்று ஒருவர் வந்து பேசினாராம். பேச்சு நடந்தது பகலில், இரவு ஷிஃப்ட்காரர்கள் தூங்கும் நேரத்தில். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் கழிவறைக்குப் போக லைனுக்கு ஒரே ஓர் அட்டை, அதற்கும் வரிசை. டார்கெட் மட்டும் மாதா மாதம் ஏறுகிறது. இதையெல்லாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்!

மன்னிக்கவும், ஆதங்கத்தில் பேச்சு நீண்டுவிட்டது. நாங்கள் வேண்டுவது ஒன்றுதான். டாக்டர் கையெழுத்திட்ட எம்.சி.க்கும் அப்பாயின்ட்மெண்ட் சீட்டுக்கும் வருகை அலவன்ஸை வெட்டக் கூடாது. அந்தத் தங்கச்சிக்கு இந்த மாதக் கடைசியில் மறுபடி அப்பாயின்ட்மெண்ட் இருக்கிறது. அதற்கு முன் உங்கள் முடிவை எழுத்து மூலம் அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரவு ஷிஃப்ட் ஊழியர் ஒருவர்
பாயான் லெப்பாஸ், பினாங்கு