பலூனை மாற்றுவதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். மஞ்சள் விலை குறித்து நேரில் பேசிக்கொள்ளலாம். நேற்று மாலை உன் பெரியவன் அழைத்து, மைசூர் செல்லும் உங்கள் பேருந்து இடப்புறமாகச் சாய்ந்து நிற்பதாகவும், பட்டறைக்காரர் பின்னச்சின் மேல் ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றுப் பலூன்கள் அனைத்தையும் மாற்றச் சொல்வதாகவும் கூறினான். பவானியில் நீ ஸ்பிரிங் பட்டை மாற்றிய கதையை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை, அஞ்சாதே. ஆனால் பலூனுக்கு இப்போது பணம் கட்டிவிடாதே.

இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் இறங்கியிருந்து, எஞ்சினை ஓடவிட்டதும் நிமிர்ந்துவிட்டால், அந்தப் பக்கம் காற்று கசிகிறது என்று பொருள். பலூன் மடிப்புகளிலும் குழாய் இணைப்புகளிலும் சோப்பு நீர் ஊற்றினால் குமிழியே இடத்தைக் காட்டிவிடும். உன் வண்டியோ காற்று டேங்க் நிறைந்து எஞ்சின் ஓடும்போதும் சாய்ந்தே நிற்கிறதாம். சிறு கசிவாக இருந்தால், பலூனில் காற்றை ஏற்றி இறக்கி வண்டியின் உயரத்தைச் சமமாக வைக்கும் லெவலிங் வால்வு அதை ஈடுகட்டியிருக்கும். ஆகவே என் சந்தேகமெல்லாம் இடப்பக்க வால்வின் மீதும், அதை அச்சோடு இணைக்கும் கம்பியான ராடின் மீதும்தான்.

பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் அந்த ராடு வால்வின் கையை மேலே தள்ளிப் பலூனுக்குக் காற்றை அனுப்பும். வண்டி உயர்ந்தால் கையைக் கீழே இழுத்துக் காற்றை வெளியேற்றும். கை நடுவில் நின்றால் இரு வழியும் அடைபடும். ராடு வளைந்து நீளம் குறைந்துவிட்டாலோ, வண்டி உரிய உயரத்தை எட்டும் முன்பே கை கீழே இழுபட்டு, பழுதில்லாத வால்வும் பலூனும் வண்டியைத் தாழ்வாகவே நிறுத்திவைக்கும். புதிய பலூனும் அதே உயரத்தில்தான் நிற்கும்.

ஆளில்லாத வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இருபுறமும் டயர் காற்றைச் சரிபார்த்து, டேங்க் நிறைந்த பிறகு பின்னச்சுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் இடையிலுள்ள உயரத்தை இரு பக்கமும் அளக்கச் சொல். இரண்டும் ஒன்றாக இருந்தும் வண்டி சாய்ந்து தெரிந்தால், பாடியின் கட்டுமானத்தைத்தான் பார்க்க வேண்டும். முன்பக்கமும் சாய்கிறதே என்று பையன் கவலைப்பட்டான். முன்னச்சுக்கு ஒரே வால்வும் பின்னச்சுக்கு இரண்டும் உள்ள வண்டிகளில் இடவலச் சாய்வைத் தீர்மானிப்பவை பின்வால்வுகளே.

ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்கிறேன், மாப்பிள்ளை. சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுக்காமல் யாரையும் வண்டிக்கு அடியில் அனுப்பாதே. வால்வின் கை கீழே இறங்கினால் காற்று வெளியேறி வண்டி அப்படியே அமர்ந்துவிடும். அடியில் இருப்பவனுக்கு நகர நேரம் இராது. சரியாகும் வரை திம்பம் மலைப்பாதைக்கும் வண்டியை விடாதே. அங்குள்ள 27 கொண்டை ஊசி வளைவுகளில் வலப்புறம் திரும்பும்போதெல்லாம் பாடி இடப்புறம் சாயும். ஏற்கெனவே அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கும் வண்டியில் பயணிகளை ஏற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. வசூல் போனால் போகட்டும்.

அளவுகளை எழுதி அனுப்பு. ஞாயிறன்று பெருந்துறை வழியாக வருகிறேன். கழற்றிய ராடை எறிந்துவிடாமல் எடுத்துவைக்கச் சொல், நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை