கோர்பினின் புதுக்கட்சியும் நானும்

இல்ஃபோர்ட், லண்டன்

அன்பின் சிவம்,

உன்ர கடிதம் வந்து சேர்ந்தது. கிணத்துக்கு மோட்டார் பூட்டினது நல்ல விசயம். மூத்தவளுக்குக் கிளிநொச்சிக்கு இடமாற்றம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோசமோ கவலையோ என்று எழுதவில்லை. அடுத்த வரியிலேயே அமைச்சுக்காரரைத் திட்டியிருந்தபடியால் விளங்கிக்கொண்டேன். இஞ்ச நாங்கள் சுகம். எனக்கு முழங்கால்தான் கரைச்சல். தபால் வேலையில் இத்தனை வருசம் நின்ற காலுக்கு அது கூலி என்று டொக்டர் சொல்லாமல் சொல்கிறார். பத்மா தோட்டத்தில் கத்தரி வைத்தாள், மொத்தம் ரெண்டு காய். அதை ஊருக்கெல்லாம் படம் எடுத்து அனுப்பினாள், உனக்கும் வந்திருக்கும்.

நீ பகிடியாய்க் கேட்டிருந்தாய்: "கோர்பின் புதுக்கட்சி தொடங்கிட்டாராமே, உனக்கு என்ன பதவி?" எனக்கு அங்கு பதவியும் இல்லை, உறுப்புரிமையும் இல்லை. ஏன் என்று கொஞ்சம் நீட்டி எழுதத்தான் வேணும். ஏனென்றால் 2015இல் "இந்த மனுசன் வித்தியாசமானவர்" என்று உனக்குப் பக்கம் பக்கமாய் எழுதினவன் நான்தான்.

அப்போது எழுதினது ஒன்றும் பொய்யில்லை. 1983இல் லண்டன் இஸ்லிங்டன் வடக்கில் லேபர் (தொழிற்கட்சி) எம்.பி. ஆன ஆள். அடுத்த வருசமே நிறவெறி ஆட்சிக்கு எதிராய்த் தென்னாபிரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் பதாகையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்று கைதானவர். எங்கட அகதிகளைப் பற்றிப் பாராளுமன்றத்தில் வாய் திறந்த சிலரில் ஒருவர். 2015 லேபர் கட்சித் தலைவர் தேர்தலுக்கு நிற்க 35 எம்.பி.க்கள் முன்மொழிய வேணும், கடைசி நிமிசத்தில் 36 பேர் கிடைத்தார்கள். அதிலும் சிலர் பாவம் என்று இரங்கிக் கொடுத்ததுதான். பிறகு பார்த்தால் 59.5 வீதம் எடுத்து வென்றார். எங்கட தபால் தொழிற்சங்கம் அவர் பக்கம் நின்றது. 3 பவுண் கட்டினால் வாக்குப் போடலாம் என்றதும் சின்னவனும் கட்டினான், அதற்கு முன் அரசியல் என்றால் எழும்பிப் போகிறவன். 2017 தேர்தலில் லேபருக்கு 40 வீத வாக்கு. கிளாஸ்டன்பரி இசைவிழாவில் இளசுகள் அவர் பெயரைப் பாட்டாய்ப் பாடின. அந்த வருசம் நான் வீடு வீடாய்ப் போய்த் துண்டுப்பிரசுரம் கொடுத்தேன். முழங்காலுக்கு அதுவும் ஒரு காரணமாய் இருக்கும்.

லேபருக்குள் யூத வெறுப்பு என்ற பேச்சு 2016இலேயே தொடங்கிவிட்டது. லண்டனின் பழைய மேயர் கென் லிவிங்ஸ்டன் வானொலியில் ஹிட்லர் முதலில் சியோனிசத்தை, அதாவது யூதருக்குத் தனிநாடு என்ற இயக்கத்தை, ஆதரித்தவன் என்று சொல்லி வைத்தார். அந்த வருசம் ஜூன் மாதம், கட்சிக்குள் யூத வெறுப்பைப் பற்றிச் சட்டத்தரணி ஷாமி சக்ரவர்த்தி எழுதின அறிக்கையை வெளியிடும் கூட்டத்திலேயே, ரூத் ஸ்மீத் என்ற யூதப் பெண் எம்.பி. ஊடகங்களோடு கைகோத்து வேலை செய்கிறார் என்று ஒரு கோர்பின் ஆதரவாளர் எழும்பிச் சொன்னார். அந்தப் பெண் கண்ணீரோடு வெளியே போனார். கோர்பின் மேடையில்தான் இருந்தார். அவர் உடனே எழும்பி ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால், நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தச் சுவரோவியம்தான் என்னை உண்மையில் உலுப்பினது. பிரிக் லேனுக்குப் பக்கத்தில் 2012இல் கீறினது. வளைந்த மூக்கோடு கிழட்டு வங்கிக்காரர்கள் மேசையைச் சுற்றி இருந்து காசு விளையாடுகிறார்கள், மேசைக்குக் கீழே நிர்வாணமாய் ஏழைச் சனம் முதுகு குனிந்து அதைத் தாங்குகிறது. உள்ளூராட்சி சபை அழிக்கப் போகிறது என்று ஓவியர் முகநூலில் போட, கோர்பின் 'ஏன்?' என்று கேட்டு, அமெரிக்கப் பணக்காரர் ராக்ஃபெல்லர்கூட மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேராவின் ஓவியத்தை அழித்தவர்தானே என்று ஆறுதல் எழுதியிருந்தார். 2018 மார்ச்சில் லூசியானா பெர்ஜர் என்ற எம்.பி. அதைக் கிளப்பின பிறகு, படத்தை வடிவாய்ப் பார்க்கவில்லை என்று வருத்தம் தெரிவித்தார். இருக்கலாம். ஆனால் 2012இலேயே அதைப் பார்த்த உடனே, இது யூதர் உலகத்தை ஆள்கிறார்கள் என்ற பழைய பொய்ப் பிரசாரம், அகற்றுங்கள் என்று சொன்னவர் யார் தெரியுமோ? அந்தப் பகுதியின் மேயர் லுத்ஃபர் ரஹ்மான். வங்காளத்து முஸ்லிம். அவருக்குத் தெரிந்தது முப்பது வருசமாய் இனவாதத்துக்கு எதிராய் ஊர்வலம் போன மனுசனுக்குத் தெரியவில்லை.

கொழும்பில் கடை முழுக்கத் தமிழன் கையில் என்று சொல்லிச் சொல்லித்தானே 83இல் புறக்கோட்டையை எரித்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தப் படத்தை விளங்கப்படுத்த ஆள் தேவையில்லை, சிவம்.

அந்த மார்ச் மாதம் யூதச் சனம் பாராளுமன்றச் சதுக்கத்தில் கூடி 'போதும் என்றால் போதும்' என்று கத்தியது. 2009இல் நாங்கள் ரோட்டை மறித்துக் குந்தியிருந்த அதே சதுக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து அவர்கள் மூன்று லட்சம்கூட இல்லை. பெர்ஜரை ஏற்கெனவே தீவிர வலதுசாரிகள் மிரட்டி அதற்காகச் சிறைக்கும் போயிருக்கிறார்கள். அது போதாதென்று 2018 செப்டம்பரில் லிவர்பூலில் தன்ர சொந்தக் கட்சி மாநாட்டுக்கே பொலிஸ் பாதுகாப்போடு போனார். அடுத்த பெப்ரவரியில் கட்சியை விட்டே போய்விட்டார். அப்போது அவர் ஆறு மாதத்துக்கு மேல் கர்ப்பம்.

2019 மார்கழித் தேர்தலுக்கு முன்னம் இஞ்ச இல்ஃபோர்டில் கான்ட்ஸ் ஹில் பக்கம் ஒரு கதவு தட்டினேன். யூதக் கிழவி. தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டார். வாழ்க்கை முழுக்க லேபருக்கே போட்டவராம், இந்த முறை முடியாது, கோபிக்காதே என்றார். என்னோடு வந்தவர் ஒரு நல்ல தொண்டர், அகதிகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற ஆள். கேற்றைத் தாண்டினதும் அவர் சொன்னார்: "இஸ்ரேல் சொல்லுற மாதிரித்தான் போடுவினம்." அந்தக் கிழவி இஸ்ரேலைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை.

தொண்ணூறுகளில் கொழும்பு செக் பொயின்ரில் தமிழன் அடையாள அட்டையை நீட்டினதும் "நீ புலியா?" என்றுதான் முதல் கேள்வி. பலசரக்குக் கடை வைத்திருந்த உன்ர பெரியப்பாவும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இஞ்ச யூத மனுசி ஒருத்தி தனக்கு நடந்ததைச் சொன்னால், முதலில் நெதன்யாகுவைக் கண்டித்துவிட்டு வா என்கிறார்கள். பலஸ்தீனத்தில் நடப்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது, முள்ளிவாய்க்காலைத் தொலைக்காட்சியில் பார்த்தவனுக்கு எரியாமல் இருக்குமா? ஆனால் அதற்குக் கணக்குக் கேட்க வேண்டிய இடம் கான்ட்ஸ் ஹில் கிழவியின் வாசல் இல்லை.

கோர்பின் யூதரை வெறுப்பவர் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய மனதை நான் பார்த்ததில்லை. என்ர கோபம் வேறு. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு சனம் ஒரு பெண்ணை வெருட்டும்போது, 'எல்லா வகை இனவாதத்தையும் நான் எதிர்க்கிறேன்' என்று பொதுவாய்ச் சொல்லிவிட்டுப் போவார். தன்ர ஆட்களைப் பார்த்து, நீங்கள் செய்தது பிழை, நிறுத்துங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வது அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. 2020 ஒக்டோபரில் சமத்துவ மனித உரிமை ஆணைக்குழு, லேபர் கட்சி சட்டத்தை மீறியது என்றே தீர்ப்பெழுதியது. ஆராய்ந்த 70 முறைப்பாடுகளில், தலைவர் அலுவலகமும் மற்றவர்களும் தலையிட்டதற்கு 23 உதாரணங்கள். அன்றைக்கும் அவர் சொன்னது, பிரச்சினை அரசியல் காரணங்களுக்காக ஊதிப் பெருப்பிக்கப்பட்டது என்று. அன்றைக்கே கட்சி அவரை இடைநிறுத்தியது.

ஊதினார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. 2022இல் கட்சிக்காகச் சட்டத்தரணி மார்ட்டின் ஃபோர்ட் எழுதின அறிக்கை, கோர்பினின் அணி, எதிர் அணி ரெண்டும் இந்த விசயத்தை ஒருவரையொருவர் அடிக்கிற பொல்லாய்ப் பாவித்தது என்று எழுதியது. கறுப்பின, முஸ்லிம் உறுப்பினர்களுக்கு நடந்ததைக் கட்சி அவ்வளவு பெரிதாய் எடுக்கவில்லை என்றும் எழுதியது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் பெருப்பித்துச் சொன்னான் என்பதற்காக வீட்டில் பிடித்த நெருப்பு இல்லையென்று ஆகாது.

எனக்கு மிகவும் கசந்தது நல்ல தோழர்கள் சொன்ன ஒரு கதை. "இப்ப இதைக் கதைக்கிற நேரமில்லை, எதிரிக்குத்தான் வாசி." இந்தக் கதையை நீயும் நானும் எங்கே கேட்டோம்? 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்துக்குப் புலிகள் ரெண்டு மணித்தியாலம் கொடுத்துத் துரத்தியபோது. சோனகத்தெருவில் பூட்டாத வீடுகளுக்குள் ஆடுகள் நின்றதை நீதானே எனக்குச் சொன்னாய். அப்போதும் படித்தவர்கள், தேவாரம் பாடுகிறவர்கள், இனத்துக்காகப் பிள்ளையைக் கொடுத்தவர்கள் எல்லாரும் இதே வசனத்தைத்தான் சொன்னார்கள். ஆமிக்காரனுக்குத்தான் வாசி, பிறகு கதைப்போம் என்று. பிறகு எப்போது கதைத்தோம்? நீ ஒரு கூட்டத்தில் கேட்டதற்கு உன்னைத் துரோகி என்றவர்களின் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம்.

அதனால்தான் 2025இல் கோர்பின், லேபரை விட்டு வந்த எம்.பி. ஸாரா சுல்தானாவோடு சேர்ந்து கட்சி தொடங்கியபோது எங்கட பழைய தொழிற்சங்க வட்டத்தில் எல்லாரும் பெயர் பதிந்தும் நான் பதியவில்லை. 2024இல் அவர் சுயேச்சையாய் நின்று லேபரை 7,000 வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தபோது, உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. ஸ்டார்மரின் லேபரிலும் எனக்குப் பெரிய பிரியம் இல்லை, குடிவரவைப் பற்றி அவர்கள் கதைக்கிற கதை கேட்டால் பழைய கொன்சர்வேற்றிவ் கூட்டம் போல இருக்கிறது. இஞ்ச இல்ஃபோர்ட் வடக்கில் காஸாவை முன்வைத்து ஒரு பலஸ்தீனப் பெண் சுயேச்சையாய் நின்று லேபரிடம் 528 வாக்கால்தான் தோற்றார். நான் யாருக்குப் போட்டேன் என்று பத்மாவுக்கும் சொல்லவில்லை, உனக்கும் சொல்லப்போவதில்லை.

சின்னவன் புதுக்கட்சியில் சேர்ந்துவிட்டான். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கொஞ்சம் சூடாய்த்தான் போகிறது. "அப்பா, நீங்கள் பி.பி.சி. பார்த்துக் கெட்டுப்போனீர்கள்" என்கிறான். உள்ளுக்குள் போனால், யாராவது யூதரைப் பற்றி அப்படிக் கதைக்கும்போது எழும்பி நில் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். தலையாட்டினான். செய்வானோ தெரியாது.

உன்ர மாகாணசபைத் தேர்தல் கதையை அடுத்த கடிதத்தில் எழுது, வைக்கிறார்களா இல்லையா? ராசன் தை மாதம் ஊருக்கு வருகிறான், அவனிடம் உனக்கு ரெண்டு வாசிப்புக் கண்ணாடி கொடுத்துவிடுகிறேன். திரும்பி வரும்போது ஒடியல் மா தந்துவிடு, போன முறை மாதிரிப் புழுப் பிடித்தது வேண்டாம்.

அன்புடன்,
குணம்