‘ஆர்’ சேர்த்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் லினக்ஸ் பகுதியில், ‘முழு ஃபோல்டரையும் பேக்கப் எடுக்க சிபி கட்டளையோடு ஆர் சேர்த்தால் போதும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சிபி (cp) என்பது நகலெடுக்கும் கட்டளை, ஆர் (-r) என்பது உள்ஃபோல்டர்களையும் சேர்த்து எடுக்கச் சொல்லும் தெரிவு. போதாது. அந்த வரியை நம்புகிறவர் ஒருநாள் கோப்புகளை இழப்பார்.

‘ஆவணம்’ ஃபோல்டரை ‘பேக்கப்’ என்ற பெயரில் நகலெடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் முறை பேக்கப் என்று எதுவும் இருக்காது. சிபியே அதை உருவாக்கி, கோப்புகளை நேராக அதற்குள் வைக்கும். அடுத்த வாரம் அதே கட்டளையை அடித்தால், பேக்கப் ஏற்கெனவே இருப்பதால் அதற்குள் ‘ஆவணம்’ என்று இன்னொரு ஃபோல்டர் முளைக்கும். புதியவை எல்லாம் அதற்குள் போய்விடும், வெளியே முதல் வாரத்து நகல் அப்படியே கிடக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. டிஸ்க் பழுதாகும் நாளில் கண்ணில் படும் அந்தப் பழையதைத்தான் எடுத்துப் போடுவார்கள். அலுவலகங்களில் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

தேதியும் போய்விடும். பத்து வருடப் புகைப்படங்களும் நகலெடுத்த தேதியில் வந்து நிற்கும். ஆருக்குப் பதில் சிறிய எழுத்து ‘ஏ’ (-a) போட்டால் உள்ஃபோல்டர்களோடு தேதியும் அனுமதிகளும் சேர்ந்து வரும். மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடும் புள்ளியும் (/.) சேர்த்தால், எத்தனை முறை அடித்தாலும் கோப்புகள் ஒரே இடத்தில் இறங்கும். அங்கே நட்சத்திரக்குறி போடக் கூடாது. புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள் விட்டுப்போகும்.

முன்பு விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி பற்றி எழுதியபோதும் இதே கதைதான். ‘மிர்’ (/MIR) தெரிவைப் பரிந்துரைத்தீர்கள். மூலத்தில் இல்லாத கோப்புகளை அது இலக்கிலிருந்து அழித்துவிடும் என்று ஒரு வார்த்தை இல்லை. மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றி அடித்தால் கதி என்ன? அப்போது எழுதிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை. கட்டளைகளில் வரும் ஹைபனை நீள்கோடாகவும் நேர் மேற்கோள்குறியை வளைந்ததாகவும் இன்றுவரை அச்சிடுகிறீர்கள். பார்த்து அடிக்கும் புதியவர், கட்டளை ஓடாதபோது தன் கணினியில்தான் கோளாறு என்று நினைப்பார். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் மனம் வலிக்கிறது.

அடுத்த இதழில், அதே பகுதியில், நான்கு வரித் திருத்தம் ஒன்று வெளியிடுங்கள். கட்டளையை மட்டும் சம அகல எழுத்துருவில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்