மலைச்சரிவை வெட்டாமல் டவர் நிறுத்துங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உயரழுத்த மின்பாதை மலையேறும்போதெல்லாம், “நாலு கால் டவர் எதற்கு, இடத்தை அடைக்காத மோனோபோல் (ஒற்றைத் தூண்) நடலாமே” என்று நீலகிரியில் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் தேயிலைச் சரிவுக்கு மோனோபோல் பெரும்பாலும் ஒத்துவராது. அதன் கனத்த குழாய்களுக்கு டிரெய்லரும் கிரேனும் வேண்டும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினாலும், நிறுத்தும் இடம்வரை புதிதாகப் பாதை வெட்டியாக வேண்டும். டவரின் ‘ஆங்கிள்’ எனும் L வடிவ இரும்புத் துண்டுகளையோ ஆட்கள் தோளில் சுமந்தே கொண்டுபோய்விடலாம். மரம் வெட்டும் அகலமும் பெரிதாகக் குறையாது. காற்றில் கம்பி எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் அதை முக்கியமாகத் தீர்மானிக்கிறது.

டவர் போடும்போது மலையைக் கெடுப்பது ‘பெஞ்சிங்’, அதாவது சரிவை வெட்டிச் சமதளமாக்குவது. 30 டிகிரி சரிவில், 7 மீட்டர் தள்ளியுள்ள இரு கால்களுக்கிடையே 4 மீட்டர் ஏற்றத்தாழ்வு வரும். நான்கு கால்களும் ஒரே நீளம் என்றால் மேட்டை வெட்டிச் சமன்படுத்துகிறார்கள். வெட்டிய மண்ணைக் கீழே தள்ளுகிறார்கள். மேலே பிடிமானம் போகிறது, கீழே பாரம் ஏறுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டும் சேர்ந்து சரியும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளைப் பார்த்த மாவட்டம் இது.

மேட்டுக் காலைக் குட்டையாகவும் பள்ளக் காலை நீளமாகவும் வைத்தால் வெட்டவே தேவையிருக்காது. அதற்கு ஒவ்வொரு குழியின் மட்டத்தையும் தனித்தனியே அளந்த பிறகே இரும்புக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் இறங்கும் ‘ஸ்டப்’ இரும்பின் சாய்வைக் காலுக்குக் கால் கருவி வைத்துச் சரிபார்க்க வேண்டும். சாய்வு பிசகினால் மேலே போல்ட் துளைகள் சேராது. உடனே கேஸ் கட்டரால் துளையைப் பெரிதாக்குவார்கள். துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். பனிமூட்ட ஈரத்தில் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

பள்ளத்தில் நிற்கும் டவருக்கு வேறு சிக்கல். இருபுறத்து மேட்டு டவர்களும் கம்பியை மேலே இழுக்கும். மார்கழிக் குளிரில் கம்பி சுருங்கும்போது இழுப்பு இன்னும் கூடும். தொங்கும் இன்சுலேட்டர் சரம் மேலெழுந்து, அது தொங்கும் டவரின் குறுக்குக்கையை நெருங்கினால் மின்சாரம் டவருக்குத் தாவிவிடும். பாதை நேராகப் போனாலும் அங்கே, கம்பியைத் தொங்கவிடாமல் இருபுறமும் இழுத்துக் கட்டும் டென்ஷன் டவர்தான் வேண்டும். சமவெளியின் குறைந்தபட்ச வெப்பநிலையை வைத்துக் கணக்கிட்டால் இந்த இழுப்பு கண்ணில் படாமலே போகும். ஊட்டியின் உறைபனிக் காலத்தை வைத்தே கணக்கிட வேண்டும்.

டெண்டருக்கு முன்பே, எந்த டவருக்கு எந்தக் கால் எவ்வளவு நீளம், மேற்புற மழைநீர் எந்த வாய்க்காலில் விலகிப் போகும் என்ற வரைபடத்தை அந்தந்த ஊராட்சியில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டுகிறோம்.

மின்பாதைக் கட்டுமானப் பொறியாளர்கள்,
குன்னூர்.